பாட்டு ஓகே, நியூஸ் மட்டும் ஏன் இல்லை? சூரியன் எஃப்.எம். வளர்ந்த கதையும் வடசென்னையின் கேள்வியும்

எம்.கே.பி. நகரில் ஒரு ஆட்டோவிலோ டெய்லர் கடையிலோ ரேடியோவைத் திருப்பினால் வரிசையாகத் தமிழ்க் குரல்கள் வரும். 91.1-ல் ரேடியோ சிட்டி, 92.7-ல் பிக் எஃப்.எம்., 93.5-ல் சூரியன், 98.3-ல் மிர்ச்சி, 106.4-ல் ஹலோ எஃப்.எம். பாட்டு வரும், கலாய் வரும், போட்டி வரும், ஜவுளிக்கடை விளம்பரம் வரும். எந்த ரோட்டில் டிராஃபிக் என்றுகூடச் சொல்வார்கள்.

ஆனால் எண்ணூரில் நேற்று ராத்திரி என்ன நடந்தது, மணலியில் ஏன் நாற்றம் அடிக்கிறது, வியாசர்பாடியில் வருஷா வருஷம் ஏன் தண்ணி நிற்கிறது என்று எந்த எஃப்.எம்.மிலும் யாரும் பேசுவதில்லை. நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு அக்கறை இல்லை என்பதல்ல காரணம். தனியார் எஃப்.எம். வானொலிகள் சொந்தமாகச் செய்தி சொல்வதற்கு இந்தியாவில் அனுமதி இல்லை.

டிவிக்கு இந்தத் தடை கிடையாது. பத்திரிகைக்குக் கிடையாது. யூடியூப் சேனலுக்கும் கிடையாது. ரேடியோவுக்கு மட்டும் ஏன்? இதைப் புரிந்துகொள்ள, தமிழ்நாட்டில் தனியார் வானொலி எப்படிப் பிறந்தது, சூரியன் எஃப்.எம். மாதிரியான நிலையங்கள் எப்படி வளர்ந்தன என்று பார்க்க வேண்டும்.

முக்கிய அம்சங்கள்

• சென்னையில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது 1924-ல். தனியார் எஃப்.எம். வந்தது 2003-ல்.

• தனியார் எஃப்.எம்.கள் ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். சொந்தச் செய்தி கூடாது.

• ஒரு மணி நேரத்தில் 10 நிமிடம் செய்திக்கு அனுமதி தரலாம் என்று டிராய் 2023-ல் பரிந்துரைத்தது.

• இப்போதுள்ள பெரும்பாலான உரிமங்களின் காலம் 2030 மார்ச்சில் முடிகிறது.

சென்னைக்கும் ரேடியோவுக்கும் 100 வருஷ உறவு

இந்தியாவில் வானொலியின் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று சென்னை. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்' தொடங்கப்பட்டு, அந்த ஆண்டு ஜூலை 31-ல் ஒலிபரப்பு ஆரம்பமானது. ஆர்வலர்கள் சேர்ந்து நடத்திய அமைப்பு அது. கையில் காசு இல்லாமல் 1927-ல் நின்றுபோனது. அதன் கருவிகள் மாநகராட்சிக்குப் போயின. 1930-ல் சென்னை மாநகராட்சியே ஒலிபரப்பைத் தொடங்கியது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், டெல்லியில் இருந்து நடத்தப்படாமல் ஒரு ஊரின் மாநகராட்சியே தன் ஊர் மக்களுக்காக நடத்திய ரேடியோ அது. வீட்டில் ரேடியோப் பெட்டி இல்லாதவர்களுக்காகப் பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தும் கேட்க வைத்தார்கள். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதும் அந்த உள்ளூர் அத்தியாயம் முடிந்தது. அதன்பிறகு 60 வருஷத்துக்கும் மேலாக இந்தியாவில் வானொலி என்றால் மத்திய அரசு மட்டும்தான்.

வர்த்தக வானொலியின் ருசியைத் தமிழர்களுக்குக் காட்டியது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த இலங்கை வானொலி. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமா பாடல்களுக்கு ஆகாசவாணியில் இடம் தர விரும்பவில்லை. அந்த இடைவெளியை இலங்கை வானொலி பிடித்துக்கொண்டது. பாட்டு, நடுவில் விளம்பரம், நேயர்களோடு பேசுகிற அறிவிப்பாளர் என்று இன்றைய எஃப்.எம்.மின் அச்சு அப்போதே தயாராகிவிட்டது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் தமிழ்நாட்டுக் கடற்கரையில் வீட்டுக்கு வீடு தெரிந்த குரல்கள்.

பாட்டு கேட்பவர்கள் கைவிட்டுப் போகிறார்கள் என்று உணர்ந்து 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கியது இந்திய அரசு. 1967-ல் அதில் விளம்பரமும் வந்தது. எஃப்.எம். தொழில்நுட்பத்திலும் சென்னைதான் முன்னோடி. நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் சென்னையில்தான் தொடங்கியது. ஆனால் கேட்பதற்கு எஃப்.எம். பெட்டி பெரிதாக யாரிடமும் இல்லாததால் அது பல வருஷம் பரவலாகவில்லை.

"காற்றலை அரசுக்குச் சொந்தம் இல்லை"

1993-ல் ஒரு சின்னக் கதவு திறந்தது. ஆகாசவாணியின் எஃப்.எம். நேரத்தை மணிக்கணக்கில் தனியாருக்கு விற்க ஆரம்பித்தார்கள். முதலில் டெல்லி, மும்பை. பிறகு சென்னை உள்ளிட்ட நகரங்கள். நிலையம் அரசுடையது, நிகழ்ச்சி மட்டும் தனியாருடையது.

பெரிய திருப்பம் 1995 பிப்ரவரி 9-ல் வந்தது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை தொடர்பாக வங்காள கிரிக்கெட் சங்கம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காற்றலைகள் பொதுச்சொத்து, அவை மக்களுக்கானவை, அரசு மட்டும் தனியுரிமையாக வைத்துக்கொள்ள முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பலவகைக் கருத்துகள் மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையும் நீதிமன்றம் அழுத்திச் சொன்னது.

தீர்ப்பு ரேடியோவுக்கான கதவைத் திறந்தது உண்மை. ஆனால் 1999-ல் மத்திய அரசு கொண்டுவந்த முதல் கட்டக் கொள்கை, தனியார் எஃப்.எம்.மைப் பாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மட்டும் என்று கட்டம் போட்டுவிட்டது. செய்தியும் நடப்பு விவகாரமும் கூடாது என்ற நிபந்தனை அன்று வந்ததுதான்.

சூரியன் உதித்த கதை

முதல் கட்ட ஏலத்தில் 40 நகரங்களில் 108 அலைவரிசைகள் விற்பனைக்கு வந்தன. நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கோடிக்கணக்கில் கேட்டன. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஏலத்தில் சொன்ன தொகையை ஒருமுறை கட்டினால் போதாது. வருஷா வருஷம் கட்ட வேண்டும். அதுவும் ஒவ்வொரு வருஷமும் 15 சதவீதம் ஏறும். வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்த பலர் பாதியிலேயே ஓடிவிட்டார்கள். 108-ல் ஒலிபரப்புக்கு வந்தவை இருபதைச் சற்றுத் தாண்டின, அவ்வளவுதான். 2001 ஜூலையில் பெங்களூருவில் ரேடியோ சிட்டி நாட்டின் முதல் தனியார் எஃப்.எம்.மாக ஒலித்தது. தமிழ்நாட்டில் தாக்குப்பிடித்து நின்றவர்களில் முக்கியமானது சன் குழுமம். சென்னை, கோவை, திருநெல்வேலி ஆகிய மூன்று நகரங்களில் அது உரிமம் வாங்கியிருந்தது. 2003-ல் சென்னையில் 93.5-ல் சூரியன் எஃப்.எம்.மும், 98.3-ல் டைம்ஸ் குழுமத்தின் ரேடியோ மிர்ச்சியும் ஒலிக்கத் தொடங்கின.

அதுவரை ரேடியோத் தமிழ் என்றால் ஏற்ற இறக்கம் அளந்து, எழுதி வைத்து வாசிக்கிற தமிழ். சூரியன் அதை மாற்றியது. பக்கத்து வீட்டு ஆள் பேசுகிற மாதிரி பேச்சு, நேயரோடு போனில் வம்பு, "கேளுங்க கேளுங்க கேட்டுக்கிட்டே இருங்க" என்கிற முழக்கம். கோவையில் கோவைத் தமிழ், நெல்லையில் நெல்லைத் தமிழ் என்று அந்தந்த ஊர்க் குரலுக்கு இடம் கிடைத்தது. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லாமல் ஆட்டோ ஸ்டாண்டு, சலூன், டீக்கடை, லேத் பட்டறை என எல்லா இடத்திலும் எஃப்.எம். நுழைந்தது இப்படித்தான். வேலை செய்துகொண்டே காதால் மட்டும் கேட்கலாம். கையில் பட்டறைச் சாமான் இருப்பவர்களுக்கு டிவியை விட ரேடியோதான் தோது. துறைமுகமும் தொழிற்சாலையும் பட்டறையும் நிறைந்த வடசென்னையில் அது ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

அந்த மைக் சினிமாவுக்கும் ஆட்களைத் தந்தது. மிர்ச்சி சிவா, மிர்ச்சி செந்தில் என்று நிலையத்தின் பெயரே நடிகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிக் எஃப்.எம்.மில் பேசிய ஆர்.ஜே. பாலாஜி இன்று நடிகர், இயக்குநர்.

ஒரு நகரத்தில் இருந்து பத்து நகரத்துக்கு

முதல் கட்டத்தில் பட்ட அடியைப் பார்த்து மத்திய அரசு 2005 ஜூலையில் விதியை மாற்றியது. நுழைவுக் கட்டணம் ஒருமுறை மட்டும். அதன்பிறகு வருமானத்தில் 4 சதவீதப் பங்கு, அதற்கு ஒரு குறைந்தபட்ச வரம்பு. இதுதான் இரண்டாம் கட்டம். 91 நகரங்களில் 338 அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன. இந்த முறை 200-க்கும் மேற்பட்ட நிலையங்கள் ஒலிபரப்புக்கு வந்தன.

தமிழ்நாட்டில் உண்மையான எஃப்.எம். அலை அடித்தது அப்போதுதான். மதுரை, திருச்சி, தூத்துக்குடி, புதுச்சேரி என்று சூரியன் விரிந்தது. தினத்தந்தி குழுமத்தின் ஹலோ எஃப்.எம். 2006-ல் வந்து நேரடிப் போட்டியானது. பிக், ரேடியோ சிட்டி எனச் சென்னையில் கூட்டம் கூடியது. துணை நிறுவனங்களையும் சேர்த்து சன் குழுமத்தின் கையில் நாடு முழுக்க 40-க்கும் மேற்பட்ட எஃப்.எம். உரிமங்கள் சேர்ந்தன. வடக்கே ஒலிக்கும் ரெட் எஃப்.எம்.மிலும் அதற்குப் பங்கு உண்டு.

இன்னொரு பெரிய செலவும் குறைந்தது. பாட்டு போட்டால் இசை நிறுவனத்துக்குக் காசு தர வேண்டும். எவ்வளவு என்பதில் பல வருஷச் சண்டை. 2010 ஆகஸ்டில் காப்புரிமை வாரியம், நிலையத்தின் நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் தந்தால் போதும் என்று நிர்ணயித்தது. பாட்டு மலிவானது. செய்திக்கோ அனுமதியே இல்லை. அப்படியானால் ஒரு நிலையம் எதை நம்பி ஓடும்? பாட்டைத்தான். இன்று எல்லா எஃப்.எம்.மும் ஒரே மாதிரி கேட்கிறது என்று புலம்புகிறோம். அதற்கு ரசனை மட்டும் காரணம் இல்லை. விதிகளும் கட்டணக் கணக்கும் சேர்ந்து நிலையங்களை அந்தப் பக்கம் தள்ளின.

2015: சூரியனுக்கு வந்த சோதனை

மூன்றாம் கட்டக் கொள்கை 2011-ல் வந்தாலும் ஏலம் நடந்தது 2015-ல்தான். அப்போது சன் குழுமத்துக்குப் பெரிய சிக்கல் வந்தது. அதன் உரிமையாளர் தரப்பு மீதான வழக்குகளைக் காரணம் காட்டி, பாதுகாப்பு ஒப்புதல் தர மத்திய உள்துறை அமைச்சகம் மறுத்தது. அந்த ஒப்புதல் இல்லாமல் ஏலத்தில் கலந்துகொள்ள முடியாது. கையில் இருக்கும் உரிமங்களும் கேள்விக்குறி.

விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2015 ஜூலையில் நீதிமன்றம் சன் குழுமம் ஏலத்தில் பங்கேற்க அனுமதித்தது. அந்த வழக்குகளில் ஒன்றான ஏர்செல்-மேக்சிஸ் வழக்கில் மாறன் சகோதரர்களை டெல்லி சிறப்பு நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் விடுவித்தது. ஏலத்துக்குப் பிறகு வேலூர், சேலம், ஈரோடு ஆகிய ஊர்களுக்கும் தனியார் எஃப்.எம். வந்தது. சூரியனின் தமிழ் நிலையங்கள் பத்தானது அப்படித்தான்.

இந்தச் சம்பவம் ஒரு விஷயத்தைக் காட்டியது. பாட்டு மட்டும் போடுகிற ஒரு வானொலியின் உயிர்கூட டெல்லியில் இருந்து வரும் ஒரு கடிதத்தில் தொங்குகிறது. அப்படியிருக்க, விதியின் விளிம்பில் நின்று துணிந்து பேச எந்த நிலையத்துக்கு மனசு வரும்?

எது பேசலாம்? எது கூடாது?

மூன்றாம் கட்டக் கொள்கை கொஞ்சம் இடம் கொடுத்தது. ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். அதோடு சில விஷயங்கள் 'செய்தி அல்ல' என்று வகைப்படுத்தப்பட்டு அனுமதிக்கப்பட்டன.

• போக்குவரத்து, வானிலைத் தகவல்

• கலாச்சார நிகழ்ச்சிகள், திருவிழாக்கள்

• தேர்வு, ரிசல்ட், கல்லூரி சேர்க்கை, வேலைவாய்ப்பு

• உள்ளூர் அளவிலான விளையாட்டுப் போட்டி வர்ணனை

• மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர், சுகாதார எச்சரிக்கை போன்றவற்றில் உள்ளூர் நிர்வாகம் தரும் பொது அறிவிப்புகள்

கடைசி வரியைக் கவனிங்க. 'உள்ளூர் நிர்வாகம் தரும்' அறிவிப்பு. நிலையம் தானே போய் விசாரித்துச் சொல்வது இதில் வராது.

வடசென்னை உதாரணம் ஒன்று போதும். மழை பெய்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மூடப்படுவது இந்தப் பக்கத்து மக்களுக்குப் பழகிப்போன தலைவலி. "கணேசபுரம் சப்வேயில் தண்ணி நிக்குது, வேற ரூட்ல போங்க" என்று ஆர்.ஜே. சொல்லலாம். அது போக்குவரத்துத் தகவல். "வருஷா வருஷம் ஏன் நிக்குது? கேப்டன் காட்டன் கால்வாயைத் தூர்வார ஒதுக்கிய காசு என்னாச்சு?" என்று ஒரு பகுதிவாசியையும் ஒரு அதிகாரியையும் வைத்துப் பேசினால் அது நடப்பு விவகாரம். அனுமதி இல்லை. தண்ணி நிற்பதைச் சொல்லலாம், ஏன் நிற்கிறது என்று கேட்கத்தான் முடியாது.

எண்ணூரின் டிசம்பர் 2023

இந்தக் கோட்டின் கனம் என்ன என்பதை 2023 டிசம்பர் காட்டியது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. செல்போன் சிக்னலும் பல இடங்களில் போனது. டிவி ஓடாது, போனில் சார்ஜ் இருக்காது. பேட்டரி ரேடியோ மட்டும் வேலை செய்யும் நேரம் அது.

அதே வெள்ளத்தில் மணலி தொழிற்பேட்டைப் பக்கத்தில் இருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. மீனவர்களின் படகும் வலையும் எண்ணெயில் ஊறின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை மீது கேள்விகள் எழுந்தன.

அந்த மாதம் முடிவதற்குள் இன்னொரு அடி. டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயில் இருந்து அமோனியா வாயு கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த மக்கள் மூச்சு முட்டி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

அப்படிப்பட்ட ராத்திரியில் மக்களுக்குத் தேவைப்படுவது என்ன? எந்தத் திசையில் காற்று அடிக்கிறது, எந்தப் பக்கம் ஓடணும், ஈரத்துணியால் மூக்கை மூடலாமா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும். நிர்வாகம் அறிவிப்பு கொடுத்தால் தனியார் எஃப்.எம். அதைச் சொல்ல விதி இடம் தருகிறது. ஆனால் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். சம்பவ இடத்துக்குத் தன் ஆளை அனுப்பி, மக்களிடம் பேசி, நேரலையில் சொல்லும் அமைப்பே அந்த நிலையங்களில் உருவாகவில்லை. இருபது வருஷமாக அனுமதி இல்லாத ஒன்றுக்கு யார் நிருபர் வைப்பார்கள்?

இங்கே ஒரு முரண் இருக்கிறது. சூரியன் எஃப்.எம்.மின் குழுமத்துக்குச் செய்தி சேனல் உண்டு. ஹலோ எஃப்.எம்.மின் குழுமத்துக்கு நாளிதழும் செய்தி சேனலும் உண்டு. எண்ணூரில் நிற்கும் நிருபர் அந்தக் குழுமத்தின் டிவியில் பேசலாம், பேப்பரில் எழுதலாம். அதே குழுமத்தின் ரேடியோவில் மட்டும் பேசக் கூடாது.

அரசு சொல்லும் காரணம் என்ன?

இந்தத் தடையை எதிர்த்து காமன் காஸ் என்ற அமைப்பு 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. மத்திய அரசு தரப்பில் முன்வைக்கப்பட்ட முக்கியக் காரணம் பாதுகாப்பு. நூற்றுக்கணக்கான நிலையங்கள் பல மொழிகளில் பேசுவதைக் கண்காணிப்பது கடினம், பதற்றமான நேரத்தில் தவறான தகவல் பரவினால் ஆபத்து என்பது அதன் வாதம்.

இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ரேடியோ எழுத்து தெரியாதவரையும் சென்று சேரும். ஒரு வதந்தி ஒலிபரப்பானால் அதன் வேகம் அதிகம். ஆனால் எதிர்க்கேள்வியும் வலுவானது. உரிமம் எடுத்து, கட்டணம் கட்டி, முகவரியோடு நடக்கும் எஃப்.எம். நிலையத்தைக் கட்டுப்படுத்துவது சுலபமா, யார் அனுப்பினார்கள் என்றே தெரியாத வாட்ஸ்அப் ஆடியோவைக் கட்டுப்படுத்துவது சுலபமா? டிவிக்கு இருப்பது போல ஒழுங்கு விதிகளை ரேடியோவுக்கும் வைக்கலாமே?

2019 ஜனவரியில் ஆகாசவாணி தன் செய்திகளைத் தனியார் எஃப்.எம்.களுக்கு இலவசமாகத் தரத் தொடங்கியது. தொடக்கத்தில் கிடைத்தவை ஆங்கிலம், இந்தி அறிக்கைகள். எண்ணூர் குப்பத்துச் செய்திக்கு அதில் இடம் எங்கே இருக்கும்?

இலங்கையில் எப்படி?

கடல் தாண்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இலங்கையிலும் 'சூரியன் எஃப்.எம்.' என்ற பெயரில் ஒரு தனியார் தமிழ் வானொலி உண்டு. நம்ம ஊர் சூரியனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சக்தி எஃப்.எம். இன்னொன்று. இரண்டும் பாட்டும் போடும், சொந்தச் செய்தியும் வாசிக்கும். பல வருஷம் போர் நடந்த நாட்டிலேயே தனியார் தமிழ் வானொலிகள் செய்தி சொல்கின்றன.

இங்கேயும் சிறிய அளவில் ஒரு மாதிரி இருக்கிறது. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய 'கடல் ஓசை' 90.4 மீனவர்களுக்கான சமுதாய வானொலி. கடல் நிலவரம், வானிலை, மீனவர் வாழ்க்கை என்று அவர்கள் மொழியிலேயே பேசுகிறது. சமுதாய வானொலிக்கும் சொந்தச் செய்திக்கு அனுமதி இல்லை. ஆனாலும் ஒரு பகுதியின் தேவையை மட்டும் குறிவைத்தால் ரேடியோ எவ்வளவு பயன்படும் என்பதற்கு அது சாட்சி.

சென்னை முழுக்க ஒரே குரல் ஏன்?

செய்திக்கு அனுமதி கிடைத்தாலே வடசென்னைக்குக் குரல் கிடைத்துவிடுமா? அதுவும் உறுதி இல்லை. காரணம் வியாபாரக் கணக்கு.

எஃப்.எம். உரிமம் நகரத்துக்கு ஒன்று. சென்னை நிலையத்தின் ஒலி எண்ணூரில் இருந்து தாம்பரம் தாண்டியும் போகும். விளம்பரம் 10 விநாடிக்கு இவ்வளவு என்று விற்கப்படுகிறது. தண்டையார்பேட்டையிலோ எம்.கே.பி. நகரிலோ ஒரு சின்னக் கடைக்காரர் விளம்பரம் கொடுத்தால், தன் கடைக்கு வரவே போகாத வேளச்சேரிக்காரர் காதுக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும். அதனால் சின்னக் கடைகள் விலகி நிற்கும். நகரம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஜவுளி, நகை, ரியல் எஸ்டேட் நிறுவனங்களே காசு கொடுக்கும். யார் காசு கொடுக்கிறார்களோ அவர்கள் தேடும் வாடிக்கையாளருக்கு ஏற்பத்தான் நிகழ்ச்சியும் அமையும்.

யார் கேட்கிறார்கள் என்ற கணக்கும் சென்னையில் பலவீனம். 'ராம்' என்ற வானொலி நேயர் அளவீடு மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில்தான் நடந்தது. சென்னை அதில் இல்லை. கன்டெய்னர் லாரி டிரைவர் எத்தனை மணி நேரம் கேட்கிறார், காசிமேட்டில் எந்த நிலையம் ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்காத வரைக்கும் விளம்பரதாரர் கண்ணுக்கு அவர்கள் தெரியப் போவதில்லை.

அலைவரிசையும் பஞ்சம். இந்திய நகரங்களில் பக்கத்துப் பக்கத்து தனியார் எஃப்.எம்.களுக்கு இடையே 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விடப்படுகிறது. 92.7-க்கு அடுத்து 93.5 வருவது அதனால்தான். இடைவெளி அதிகம் என்றால் நிலையங்கள் குறைவு. நிலையங்கள் குறைவு என்றால் ஏல விலை அதிகம். அவ்வளவு விலை கொடுத்தவர் ஒரு பகுதிக்காக மட்டும் பேச முடியாது.

அடுத்து என்ன?

மூன்று விஷயங்கள் நகர்ந்துகொண்டிருக்கின்றன.

முதலாவது, செய்தி அனுமதி. 2023 செப்டம்பரில் டிராய், தனியார் எஃப்.எம்.கள் ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிடம் வரை செய்தியும் நடப்பு விவகாரமும் ஒலிபரப்பலாம் என்று பரிந்துரைத்தது. ஆகாசவாணியின் செய்திகளுக்கான ஒழுங்கு விதிகள் இவற்றுக்கும் பொருந்தும் என்ற நிபந்தனையோடு. டிராய் பரிந்துரைக்க மட்டுமே முடியும். முடிவு மத்திய அரசின் கையில்.

இரண்டாவது, புதிய ஊர்கள். 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. திண்டுக்கல், கரூர், தஞ்சாவூர், திருவண்ணாமலை போன்ற ஊர்களும் பட்டியலில் உண்டு. தாய்மொழியில் உள்ளூர் நிகழ்ச்சிகள் வளரும் என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. உள்ளூர் நிகழ்ச்சி வேண்டும், உள்ளூர் செய்தி வேண்டாம் என்றால் அது எப்படி என்ற கேள்வி அங்கேயும் எழும்.

மூன்றாவது, டிஜிட்டல் ரேடியோ. 2025 அக்டோபரில் டிராய் இதற்கான பரிந்துரையை வெளியிட்டது. முதலில் சென்னை உள்ளிட்ட 13 பெரிய நகரங்கள். ஒரே அலைவரிசையில் இப்போதைய எஃப்.எம். ஒலியோடு மூன்று டிஜிட்டல் சேனல்களையும் சேர்த்து அனுப்பலாம். ஒரு நிலையம் நாலு குரலில் பேச முடியும் என்றால், அதில் ஒன்று வடசென்னைக்காக இருக்கலாம். தொழில்நுட்பம் இடம் தரும். அதைக் கேட்கப் புதிய ரேடியோவோ அதற்கேற்ற போனோ வேண்டும் என்பது தனிச் சிக்கல். இப்போதுள்ள சாதாரண எஃப்.எம். வசதியையே பல ஸ்மார்ட்போன்களில் காணோம். எல்லாப் போனிலும் எஃப்.எம். வேலை செய்ய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் மத்திய அரசே நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. பேரிடர் நேரத்தில் ரேடியோ உயிர் காக்கும் என்பதுதான் அதற்கு அது சொன்ன காரணம்.

அந்த அறிவுரையையும் செய்தித் தடையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஆபத்து நேரத்தில் மக்கள் ரேடியோவைத் திறக்க வேண்டும் என்கிறது அரசு. திறந்தால் அங்கே சுற்றிலும் நடப்பதைச் சொல்ல ஆள் இருக்கக் கூடாது என்பதும் அதே அரசின் விதி.

2030 ஏன் முக்கியம்?

இரண்டாம் கட்டத்தில் வந்து மூன்றாம் கட்டத்துக்கு மாறிய நிலையங்களின் 15 வருஷ உரிமம் 2015 ஏப்ரலில் தொடங்கியது. 2030 மார்ச் 31-ல் முடியும். சூரியன், மிர்ச்சி, ஹலோ என்று நாம் தினமும் கேட்கும் பல குரல்கள் அந்தத் தேதிக்குள் வருகின்றன. அதற்கு முன்பு அடுத்த கொள்கையை எழுதியே ஆக வேண்டும். கட்டணம், அலைவரிசை இடைவெளி, டிஜிட்டல், செய்தி எல்லாம் அப்போது மேசைக்கு வரும்.

நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி வாதாடும். அதற்கு அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, வக்கீல்கள் இருக்கிறார்கள். எண்ணூர், திருவொற்றியூர், எம்.கே.பி. நகர் நேயர்களுக்காக அந்த மேசையில் பேச யாரும் உட்காரப் போவதில்லை. இந்த மாதிரிக் கொள்கை வகுக்கும்போது டிராய் முதலில் கலந்தாலோசனை அறிக்கை வெளியிட்டுக் கருத்து கேட்கும். நிறுவனம் மட்டும் இல்லை, பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். கணேசபுரத்தில் தண்ணி ஏன் நிக்குது என்று ரேடியோவில் கேட்க விரும்புகிறவர்கள், அதை முதலில் கேட்க வேண்டிய இடம் அதுதான்.